'நடங்க'ன்னு சொல்றோமே... எங்கே நடப்பது?

முப்பது வருஷமாக நான் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி, மலச்சிக்கல்... எதற்காக வந்தாலும் சரி, சூரணமும் தைலமும் எழுதிக் கொடுத்துவிட்டு, சீட்டின் கடைசியில் 'தினமும் 45 நிமிடம் நடக்கவும்' என்று ஒரு வரி எழுதுவேன். எழுதிவிட்டால் என் கடமை முடிந்தது! அடுத்த மாதம் வருவார்கள். "நடக்கிறீங்களா?" என்பேன். தலையைச் சொறிவார்கள். "நடக்காம இருந்தா மருந்து மட்டும் என்னங்க பண்ணும்?" என்று கோபித்துக்கொள்வேன்.

எங்கே நடப்பார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

என்னைக் கேட்க வைத்தவர் ஒரு நெசவாளர். ஊர் ஆரணி. வயது 56. குழித்தறியில் உட்கார்ந்து நாற்பது வருஷமாகப் பட்டுச்சேலை நெய்கிறவர். சர்க்கரை, இடுப்பு வலி, முழங்கால் வலி மூன்றும் உண்டு. அவர் மனைவி வீட்டில் தார் சுற்றிக் கொடுப்பவர். அந்த அம்மாவுக்கு உடம்பு பருமன், கால் வீக்கம், அடிக்கடி நீர்க்கடுப்பு.

"தினம் பத்து மணி நேரம் மிதிக்கட்டையை மிதிக்கிறேனே டாக்டர், அது எக்சர்சைஸ் இல்லையா?" என்று கேட்டார் அவர்.

நியாயமான கேள்விதான். நம் வீட்டுப் பெண்களும் இதைத்தானே கேட்கிறார்கள், "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வேலை செய்றேனே, அது போதாதா?" என்று!

போதாது. உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. தறியில் கால் அசைகிறது, உண்மைதான். ஆனால் இடுப்பு நாள் முழுக்க முன்பக்கம் வளைந்தே கிடக்கிறது. நெஞ்சு வேகமெடுத்து லேசாக மூச்சு வாங்குவதில்லை. கண் ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும் இழையையே வெறித்துக்கொண்டிருக்கிறது. உடம்பில் வெயில் படுவதில்லை. வேலை, சில தசைகளையே திரும்பத் திரும்ப வருத்துகிறது. ஒரே இருப்பில் நெடுநேரம் இருந்தால் வாதம் கெட்டு, இடுப்பிலும் மூட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடை அப்படியில்லை. கால் முதல் தோள் வரை எல்லாவற்றையும் அளவாக அசைக்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது, காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது.

இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி டாக்டர், ஒத்துக்கறேன். எங்க நடக்கறது, அதைச் சொல்லுங்க. தெருவுல நடந்தா பைக்காரன் இடிக்கிறான், நாய் தொரத்துது. கோட்டை மைதானத்துக்குப் போனா, ஷூ போட்ட ஆபீசருங்களும் வாத்தியாருங்களும் நடக்கறாங்க. நான் லுங்கியோட போனா, 'தறியை விட்டுட்டு இவன் எதுக்கு இங்க சுத்தறான்'னு கேப்பாங்க."

பக்கத்தில் இருந்த அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "அவராவது போலாம். நான் எங்க டாக்டர் போறது?"

என்னிடம் பதில் இல்லை.

ராஜா போட்ட தோட்டம்

சில மாதம் கழித்து எங்கள் ஊர்ப் பட்டு முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரு. ஆரணியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனம் கிளம்பினோம். நானும் என் மனைவியும் போனோம். அந்த நெசவாளர் தம்பதியும் வந்திருந்தார்கள். முகூர்த்தச் சேலை அவர் தறியில் நெய்ததாயிற்றே!

முகூர்த்தம் பத்தரைக்கு மேல். மண்டபம் லால்பாக் பக்கத்தில். விடிந்ததும் நாங்கள் நான்கு பேரும் தோட்டத்துக்குள் நுழைந்தோம். காலையில் நடக்க வருகிறவர்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

ஆரணிக்காரர்களுக்கு லால்பாக்கோடு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1760-ல் அதைத் தொடங்கியவர் மைசூரை ஆண்ட ஹைதர் அலி. சீராவில் இருந்த மொகலாயர் தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு உண்டாக்கினார் என்பார்கள். அதே ஹைதர்தான் 1780-ல் செங்கம் கணவாய் வழியாகப் படையோடு நம் பக்கம் இறங்கி, ஊர் ஊராக அழித்தவர். 1782 ஜூன் 2-ஆம் தேதி நம் ஆரணிக்குப் பக்கத்திலேயே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டோடு சண்டை போட்டார். அவருடைய படைக்கு வேண்டிய சாமான்களை ஆரணிக் கோட்டையில்தான் சேர்த்து வைத்திருந்தார். அந்த வருஷம் டிசம்பரிலேயே, சித்தூருக்குப் பக்கத்தில் முகாமில் இறந்தும் போனார். காரணம், முதுகில் வந்த கட்டி! அப்படிக் கட்டியோடு இன்று ஒருவர் என்னிடம் வந்தால், நான் முதலில் பார்க்கச் சொல்வது ரத்தச் சர்க்கரையைத்தான். முதுகில் வரும் ராஜபிளவை, சர்க்கரைக்காரர்களை அதிகம் பிடிக்கும்.

ஹைதருக்குப் பிறகு மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளும் செடிகளும் வரவழைத்துத் தோட்டத்தை வளர்த்தார். மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டியவர்களில் முக்கியமானவர்கள் திகளர் எனப்படும் தோட்டக்காரர்கள். தமிழ்ப் பக்கத்தில் வேர் உள்ளவர்கள். 1799-ல் திப்பு வீழ்ந்ததும் தோட்டம் வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1856-ல் அரசுத் தாவரவியல் தோட்டம் ஆனது. 1889-ல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாம் கூட்டு வைக்கும் சவ்சவ் இருக்கிறதே, அதற்கு 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? லால்பாக் பொறுப்பில் இருந்த ஜான் கேமரூன்தான் அதை அங்கே கொண்டுவந்து பரப்பினார் என்பார்கள். சர்க்கரைக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடக்கூடிய நீர்க்காய் அது.

ஹைதர் போட்டபோது சுமார் 40 ஏக்கர். இன்று 240 ஏக்கர். அரசனும் அவன் வீட்டாரும் மட்டும் உலாவிய இடத்தில், இன்று ஆட்டோ ஓட்டுகிறவரும் நடக்கிறார், ஜட்ஜும் நடக்கிறார்.

எழுபது நிமிடம்!

"பத்து நிமிஷம் நடந்தாலே முட்டி கெஞ்சுது டாக்டர்" என்று எப்போதும் சொல்பவர் அவர். அன்று பேச்சு சுவாரசியத்தில் நடந்துகொண்டே இருந்தார். மரநிழல், ஏரிக்காற்று, இடையிடையே உட்கார பெஞ்ச். அந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். புடவையோடு கேன்வாஸ் ஷூ போட்ட பாட்டிகள், பர்தா அணிந்த பெண்கள், கைத்தடியோடு தாத்தாக்கள்... யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பெரிய பாறை வந்தது. அது சுமார் 300 கோடி வருஷத்துப் பாறை என்கிறார்கள் விஞ்ஞானிகள். "நீங்க ஏற வேண்டாம். தேய்ஞ்ச முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குறதுதான் கஷ்டம்" என்று அவரைக் கீழே உட்கார வைத்தேன். அம்மா விறுவிறுவென்று ஏறிவிட்டார்!

இறங்கி வந்தவர், உயரமாகக் கூம்பு மாதிரி நின்ற ஒரு மரத்தைக் காட்டி, "இதுதானே டாக்டர் அசோக மரம்?" என்றார். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் நினைக்கிறோம். அது நெட்டிலிங்கம். பெரும்பாட்டுக்கு மருந்தாகும் உண்மையான அசோகம், கொத்துக் கொத்தாக ஆரஞ்சுச் சிவப்பில் பூக்கும் மரம். பட்டையாக வெட்டிக் காயவைத்துவிட்டால் எது எதென்று தெரியாது. கடையில் அசோகப்பட்டை என்று நெட்டிலிங்கப்பட்டை விற்பதும் உண்டு. பாளையங்கோட்டையில் நாங்கள் படித்தபோது, இலையைத் தொட்டுப் பார்க்காமல் மருந்தின் பெயரைச் சொன்னால் எங்கள் பேராசிரியர்கள் விடமாட்டார்கள். பெயர்ப் பலகை மாட்டிய மரங்கள் உள்ள பூங்கா, பொதுமக்களுக்கு அப்படி ஒரு பாடசாலைதான்.

வெளியே வரும்போது என் கடிகாரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்த நேரத்தைக் கழித்தாலும் எழுபது நிமிடம் நடந்திருக்கிறார்! "முட்டி வலிக்குதா?" என்றேன். அப்போதுதான் அவருக்கு முட்டி ஞாபகமே வந்தது.

அந்த அம்மா சொன்னதுதான் என் மனதில் தைத்தது: "இங்க யாருமே என்னை 'எங்க போறே'ன்னு கேக்கல டாக்டர்."

மரம் என்ன செய்கிறது?

இது ஏதோ மனப்பிரமை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து 1984-ல் எழுதினார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஜப்பானில் 1982 முதல் 'காட்டுக் குளியல்' என்று பெயர் வைத்தே மக்களை மரங்களுக்கிடையில் நடக்கச் சொல்கிறார்கள்.

நம் முன்னோருக்கும் இது தெரியாததல்ல. நிலத்தையும் நோயையும் சேர்த்துப் பார்ப்பது சித்த மருத்துவம். ஐந்து நிலங்களில் நீரும் வயலும் உள்ள மருத நிலமே உடம்புக்கு நல்லது என்று எங்கள் நூல்கள் சொல்லும். ஆரணியும் மருத நிலத்து ஊர்தான். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். ஆனால் தறி வீட்டில் பிறந்து, தறி வீட்டிலேயே நாளைக் கழிக்கிறவருக்கு அந்த மருத நிலம் எங்கே கண்ணில் படுகிறது?

கண் என்றதும் இன்னொன்று. கிட்டத்தில் இருப்பதையே பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கு, தூரத்துப் பச்சையைப் பார்ப்பது நல்ல ஓய்வு. ஜரிகை பார்க்கும் கண்ணுக்கும் சரி, செல்போன் பார்க்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணுக்கும் சரி. தினமும் வெளியில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

பெயர் இருந்தால் போதுமா?

தோட்டம் மக்களுக்குக் கிடைத்துவிட்டால் அது நிலைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சென்னைக் கதையைக் கேளுங்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேல் ஒரு பூங்கா இருந்தது. பெயரே 'பீப்பிள்ஸ் பார்க்', மக்கள் பூங்கா! கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 1860-ஐ ஒட்டி உருவானது. அங்கே குளங்கள் இருந்தன, மிருகக்காட்சி சாலைகூட இருந்தது. பிறகு அந்த நிலத்தில் விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, ஸ்டேடியம் வந்தது. ஒவ்வொன்றும் அவசியமாகத்தான் தோன்றியிருக்கும். கடைசியில் பூங்கா போய், பெயர் மட்டும் மிஞ்சியது.

ராஜா தனக்காகப் போட்ட தோட்டம் நாற்பது ஏக்கரிலிருந்து இருநூற்று நாற்பதாக வளர்ந்தது. மக்கள் பெயரிலேயே போட்ட தோட்டம் தேய்ந்தது. காலியிடம் என்றாலே 'சும்மா கிடக்குது, எதையாவது கட்டு' என்று நினைக்கிறோம் பாருங்கள், அந்த நினைப்புதான் பூங்காக்களுக்கு வரும் முதல் நோய்.

அதனால் என் கருத்து இதுதான். ஆரணி மாதிரி ஊர்களுக்கு லால்பாக் வேண்டாம். இருக்கிற மைதானம், குளக்கரை, ஏரிக்கரை, ஆற்றோரம் போதும். கமண்டல நாகநதிக்கரையில் வரிசையாக நாலு மருத மரம் நிழல் தந்தால் போதும். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். நிழல், உட்கார இடம், விளக்கு, சுத்தமான கழிப்பறை.

கடைசிச் சொல்லைப் படித்துவிட்டு முகம் சுளிக்காதீர்கள். அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. அதில் சிறுநீரும் ஒன்று. நம் பெண்கள் வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். நீர்க்கடுப்போடு என்னிடம் வரும் பெண்கள் பலரும் சொல்லும் காரணம் இதுதான். கழிப்பறை இல்லாத பூங்கா, பாதி ஜனத்துக்கு மூடிய பூங்கா. சர்க்கரைக்காரருக்கும், பிராஸ்டேட் வீங்கிய பெரியவருக்கும்கூட அப்படித்தான்.

நடக்கக் கிளம்பும் முன்...

* வாரத்துக்கு 150 நிமிடம் சுறுசுறுப்பான நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

* பூங்காக்களில் கூழாங்கல் பாதை போட்டிருப்பார்கள். காலில் மரத்துப்போன உணர்வு உள்ள சர்க்கரைக்காரர்கள் அதில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. குத்தினாலும் தெரியாது. சின்னப் புண், பெரிய வினையாகிவிடும். புல்தரையிலும் செருப்போடு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.

* பூங்கா வாசலில் விற்கும் பச்சைச் சாறுகளை வாங்கிக் குடிக்காதீர்கள். சித்த வைத்தியனே இப்படிச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள்! கழுவாத இலை, யாருக்கு எவ்வளவு என்று தெரியாத அளவு. சர்க்கரை மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கசக்கும் சுரைக்காய்ச் சாறு உயிருக்கே ஆபத்து.

* அழகுக்காக வளர்க்கும் அரளியும் தங்க அரளியும் கடும் விஷம். இலை, பூ, காய் எதையும் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கை வலியோ, படபடப்போடு வியர்வையோ வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று கஷாயம் தேட வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி. நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மூன்று கேள்விகள்

கல்யாணம் முடிந்து ஊர் திரும்பினோம். அவர் நான்கு நாள் நடந்தார். ஐந்தாம் நாள் நின்றுவிட்டார். "அங்க நடந்த மாதிரி வரல டாக்டர்" என்றார். இந்த முறை நான் கோபிக்கவில்லை.

இப்போதெல்லாம் என் சீட்டில் 'நடக்கவும்' என்று மட்டும் எழுதுவதில்லை. மூன்று கேள்விகள் கேட்டு, பதிலையும் எழுதுகிறேன். எங்கே? யாரோடு? எத்தனை மணிக்கு? இதற்குப் பதில் கிடைக்காவிட்டால், அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரை 'நடங்க, நடங்க' என்று விரட்டும் முன் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் தெருவில் ஓட்டு கேட்டு வருகிறவர்களிடமும், "எங்க அம்மா எங்கே நடப்பாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த அம்மா தெருவில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார். நான்கு பேராகப் போனால் யார் 'எங்க போறே'ன்னு கேட்பது? காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஆறரைக்குத் தார் சுற்ற உட்கார்ந்துவிடுகிறார்களாம்.

அவர் போன வாரம் வந்தார். சீட்டை எடுத்து, "எங்கே?" என்று நான் ஆரம்பித்ததுமே சிரித்தார்.

"கோட்டை மைதானம்னு எழுதுங்க டாக்டர். லுங்கியோடதான்!"